முட்டுக் கொடுத்தால் முடிந்ததா?

2023 ஆகஸ்ட் 5. சனிக்கிழமை. விடியற்காலை மணி இரண்டுகூட ஆகவில்லை. திருவரங்கம் அயர்ந்து தூங்குகிறது. அந்த நேரத்திலே, கிழக்கு வாசல் கோபுரத்தின் முதல் நிலையில் ஒரு பகுதி சரிந்து தெருவிலே விழுகிறது. விரிசல் கண்டு, முட்டுக் கொடுத்து வைத்திருந்த கோபுரம் அது!

இருட்டிலே விழுந்தது. ஆளில்லா வேளையிலே விழுந்தது. ஆகவே ஒருவருக்கும் காயமில்லை. நான்கு மணி நேரம் கழித்து விழுந்திருந்தால்? அந்த வாசலிலே பால்காரர் போவார். பூக்கூடை தூக்கிய பாட்டி போவார். ஆட்டோ ஓட்டுகிற தோழர் போவார். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் போவார்கள். அரங்கன் காத்தான் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் நம்பிக்கையிலே நாம் குறுக்கிடவில்லை. நம்மைக் கேட்டால், அன்று காத்தது கடிகாரம் என்போம். கடிகாரத்தை நம்பி ஒரு நகரம் உறங்கலாமா என்பதுதான் நம் கேள்வி.

"கோயில் கோபுரத்தைப் பற்றி உங்களுக்கு என்ன ஐயா கவலை? நீங்கள் பகுத்தறிவுக் கூட்டம் ஆயிற்றே!" என்று கேட்பார்கள். கேட்கட்டும். இராச கோபுரத்துக்கு எதிரே 2006 முதல் பெரியார் சிலையாக வீற்றிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் நாம். கோபுரத்துக்கு உள்ளே யார் இருக்கிறார் என்பதிலே நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கோபுரத்துக்குக் கீழே யார் நடக்கிறார் என்பதிலே என்ன வேறுபாடு? நடப்பவர் நம் மக்கள். அதைக் கட்டியவரும் நம் மக்கள்: கல் உடைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், சாரத்திலே ஏறியவர். கோயில் சொத்துக்குப் பொதுக்கணக்கு வேண்டும் என்று நீதிக்கட்சி ஆட்சி, பனகல் அரசர் காலத்திலே, இந்து சமய அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்ததே, அன்றே இந்தக் கவலை நம் கவலையாகிவிட்டது. உண்டியலுக்குக் கணக்குக் கேட்டவர்கள் விரிசலுக்கும் கணக்குக் கேட்போம்.

ஆனால் நாம் இன்று பேச வந்தது ஒரு கோபுரத்தைப் பற்றி மட்டுமல்ல. திருச்சியிலும் திருவரங்கத்திலும், ஏன், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், நான்கு தெரு நடந்தால் ஒரு கட்டிடம் கண்ணிலே படும். கதவிலே பூட்டு, சன்னலிலே பலகை, சுவரிலே அரசங்கன்று, வாசலிலே குப்பை. "இடிந்து விழும் நிலையில் உள்ளது" என்று எழுதிய எழுத்தும் மழையிலே கரைந்திருக்கும். எப்போது அடித்த பலகை? யாருக்கும் தெரியாது. அடுத்து என்ன செய்யப் போகிறார்கள்? அதுவும் தெரியாது. பலகை அடித்தார்கள், கடமை முடிந்தது என்று போய்விட்டார்கள். முட்டுக் கொடுத்தார்கள், மூச்சு விட்டார்கள், மறந்தார்கள்.

முட்டு என்பது மருந்தல்ல தோழர்களே, கட்டு! கால் முறிந்தவனுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதைப் போல. கட்டுப் போட்டு மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். கட்டுப் போட்டதோடு நடக்கவிட்டால் காலும் போகும், ஆளும் போவான்.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலேயே உண்டு. 1919-இல் வந்த சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும், 1920-இல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் ஏற்பாடு இருந்தது. போகிறவர் வருகிறவருக்கோ அக்கம் பக்கத்துக்கோ ஆபத்தான கட்டிடம் என்றால், உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து நான்கில் ஒன்றைச் செய்யச் சொல்லலாம்: தடுப்பு அடை, இறக்கு, உறுதிப்படுத்து, பழுது பார். அவசரம் என்றால் அறிவிப்புக்குக் காத்திராமல் ஆணையரே செய்யலாம். பிறகு திருச்சி 1994-இல் மாநகராட்சி ஆயிற்று. திருவரங்கமும் பொன்மலையும் அதிலே சேர்ந்தன. 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறியது. ஆபத்தைக் கவனிக்கும் கடமை மாறவில்லை.

நான்கு கட்டளைகளிலே முதல் கட்டளை மட்டும்தான் நம் ஊரிலே பெரும்பாலும் நடக்கிறது. தடுப்பு! அதுவும் எந்தக் கட்டிடத்துக்கு எந்தத் தடுப்பு என்று பார்த்தா நடக்கிறது? எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் கொடுக்கும் வைத்தியர் போல, எல்லாக் கட்டிடத்துக்கும் நான்கு பலகை, ஒரு தகரம், ஒரு பூட்டு!

ஆசாரியைக் கேளுங்கள், கொத்தனாரைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும் வேறுபாடு.

சுவர் நன்றாக இருக்கிறது, வீடு காலியாக இருக்கிறது. இங்கே ஆபத்து கட்டிடத்தால் அல்ல, உள்ளே நுழைபவரால், நுழைபவருக்கும்தான். இதற்குக் கதவு சன்னலைப் பலகையால் அடைக்க வேண்டும். சும்மா ஆணி அடித்தால் கடப்பாரை போட்டு ஒரு நிமிடத்தில் பெயர்த்துவிடுவார்கள். வெளியே பலகை, உள்ளே குறுக்குக் கட்டை, இரண்டையும் இணைத்து உள்பக்கம் முடுக்கிய போல்ட்டு. அப்படி அடிக்க வேண்டும். மூச்சுக்கூட விடாமல் அடைக்கவும் கூடாது. காற்றுப் போக வழியில்லாத வீட்டிலே ஈரம் தங்கும், கரையான் ஏறும், உத்திரம் உளுக்கும். மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டிலே ஆள் இருக்கமாட்டான், கொசு இருக்கும்.

மலைக்கோட்டையைச் சுற்றிய தெருக்களிலும், அரங்கத்தின் வீதிகளிலும் இருக்கும் பழைய மாடி வீடுகள் வேறு வகை. மர உத்திரம், அதன்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புத் தளம். இவற்றின் எமன் மேலே இருக்கிறான். மொட்டை மாடியிலே தண்ணீர் போகும் வழி அடைபட்டால் போதும். நீர் தளத்திலே இறங்கும். சுவருக்குள்ளே செருகிய உத்திர முனை, கண்ணுக்குத் தெரியாத இடத்திலே மக்கிப்போகும். வெளியே பார்த்தால் உத்திரம் உருண்டு திரண்டு நிற்கும். இந்த வீட்டிலே சன்னலுக்குப் பலகை அடித்து என்ன பயன்? கீழிருந்து முட்டு வேண்டும். முட்டின் அடியிலே பலகை வேண்டும், தலையிலே பலகை வேண்டும், இடைவெளியிலே ஆப்பு வேண்டும். மேல் மாடியிலே முட்டு வைத்தால், அதற்கு நேர் கீழே, கீழ்த் தளத்திலும் முட்டு வேண்டும். இல்லையேல் மேல் மாடியின் பாரத்தைக் கீழ் மாடியின் தலையிலே கட்டியதாகும்.

தெருப்பக்கம் சாய்ந்த சுவர் இன்னொரு வகை. இதற்குச் சாய்முட்டு வேண்டும். அதைவிட முக்கியம், தடுப்பு எவ்வளவு தூரத்திலே நிற்கிறது என்பது. இருபது அடிச் சுவருக்கு மூன்றடி தள்ளிக் கயிறு கட்டுகிறார்கள்! விழுகிற சுவர் கயிற்றைப் பார்த்து நிற்குமா? சுவரின் உயரத்தையாவது தள்ளி நின்றால்தான் அதற்குப் பெயர் தடுப்பு.

கான்கிரீட் கூரை வேறு வகை. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பெருத்தது. பெருக்கும்போது சிமெண்டைப் பிளந்து தள்ளுகிறது. பெயர்ந்த இடத்திலே பூசிவிட்டு வெள்ளையடித்தால் கண்ணுக்கு அழகு, தலைக்கு ஆபத்து. இங்கே முதல் வேலை ஆட்களை வெளியேற்றுவது. பிறகுதான் முட்டும் மற்றதும்.

கோபுரமோ தனி வகை. கீழே கருங்கல், மேலே செங்கல், சுண்ணாம்பு, சுதை. பறவை போட்ட விதையிலே ஆலும் அரசும் முளைத்து வேர் இறங்கும். இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்தக் கோயிலின் புதுப்பிப்புப் பணிக்காக 2017-இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. உலகம் பாராட்டிய அதே வளாகத்திலேதான் ஆறாண்டுக்குள் கிழக்கு வாசல் உதிர்ந்தது. பாராட்டு பட்டயத்திலே இருக்கும். பராமரிப்பு அன்றாடம் இருக்க வேண்டும்.

சரி, பலகையும் முட்டும் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு? உயிருக்காகத்தான்.

2017 அக்டோபர் 20. பொறையாறு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை. பகலெல்லாம் பேருந்து ஓட்டிய தோழர்கள், விடிந்ததும் மறுபடி ஓட்ட வேண்டும் என்று ஓய்வறையிலே படுத்திருந்தார்கள். பழைய கட்டிடம். கூரை விழுந்தது. 8 தொழிலாளர்கள் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, செப்டம்பர் 7-ஆம் நாள், கோவை மாவட்டம் சோமனூரிலே பேருந்து நிலையத்தின் கூரை விழுந்து 5 பேர் மாண்டனர். 2021 டிசம்பர் 17-இல் நெல்லையிலே பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் மாண்டனர். பிறகுதான் மாநிலம் முழுதும் பள்ளிக் கட்டிடங்களைப் பார்த்தார்கள், பழுதானவற்றை இடித்தார்கள். பார்த்தது நல்லது. பிணம் விழுந்த பின் பார்த்தது கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம்.

நம் திருச்சிக்கு வருவோம். 2024 சனவரி முதல் நாள். ஊரே புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிறது. அரியமங்கலம் கீழ அம்பிகாபுரத்திலே ஒரு பழைய வீட்டின் கூரை, தூங்கிக் கொண்டிருந்தவர்கள் மேலே விழுந்தது. பாட்டி, தாய், இரண்டு சிறுமிகள். ஒரே குடும்பத்திலே நான்கு உயிர். புது ஆண்டை அவர்கள் பார்க்கவில்லை.

எந்த ஆட்சியிலே விழுந்தது என்று கணக்குப் பார்த்து ஒருவர் மேல் ஒருவர் செங்கல் எறிவது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. 2017-இல் ஓர் ஆட்சி, 2021-இல் இன்னோர் ஆட்சி. கொடியைப் பார்த்து இடிவதில்லை சுவர். நம்மவர் ஆண்டபோது விழுந்ததற்கு நாம் வாய் மூடினால், மற்றவர் ஆண்டபோது விழுந்ததற்கு வாய் திறக்க நமக்கு யோக்கியதை இல்லை.

"விதி" என்பார்கள். விதியல்ல என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அதுவும் திருச்சியிலேயே இருக்கிறது.

கொள்ளிடத்து இரும்புப் பாலம் நினைவிருக்கிறதா? 1928-இல் கட்டியது. பக்கத்திலே புதுப் பாலம் வந்ததும் 2016-இல் பழைய பாலத்திலே போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஆனாலும் மக்கள் காலார நடந்துகொண்டிருந்தார்கள். 2018 ஆகஸ்டில் வெள்ளம் புரண்டு வந்தது. தூணிலே விரிசல் கண்டது. உடனே பாலத்தை அடைத்தார்கள். ஓரிரு நாளிலே தூண்கள் சரிந்து ஆற்றோடு போயின. உயிர்ச்சேதம் இல்லை! பிறகு மிச்சத்தையும் இடித்து அகற்றினார்கள். விரிசல் கண்டது, தடுத்தது, அகற்றியது. மூன்றும் வரிசையாய் நடந்தன.

சென்னை திருவொற்றியூரிலே, 2021 டிசம்பர் 27. ஏழைகளுக்கென்று 1970-இல் கலைஞர் ஆட்சி உண்டாக்கிய குடிசை மாற்று வாரியம் பிற்காலத்தில் கட்டிய அடுக்கு வீடு. 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து மண்ணாயிற்று. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஏன்? விரிசலைப் பார்த்ததும் குடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் எழுப்பி வெளியே வந்துவிட்டார்கள். கடவுளும் காக்கவில்லை, கடிகாரமும் காக்கவில்லை. கண் காத்தது! பார்த்த கண், சொன்ன வாய், நடந்த கால், இவை காத்தன.

அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை? இங்கேதான் மெய்யான சிக்கல் இருக்கிறது.

வாடகைக்கு இருக்கும் தொழிலாளி வீட்டுச் சுவரிலே விரிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்குச் சொன்னால் அறிவிப்பு ஒட்டுவார்கள். அறிவிப்பு ஒட்டினால் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் அன்றிரவு பெண்டு பிள்ளையோடு எங்கே படுப்பது? முன்பணம் திரும்புமா? இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்குமா? ஆகவே விரிசலிலே ஒரு நாட்காட்டியை மாட்டி மறைத்துவிட்டு வாழ்கிறான். அவனை அறிவிலி என்று ஏசாதீர்கள். மேலே இருக்கும் கூரை விழுமோ என்ற அச்சத்தைவிட, கூரையே இல்லாமல் போகுமோ என்ற அச்சம் அவனுக்குப் பெரிது. சில வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்; குடியிருப்பவனைக் கிளப்ப வேண்டும் என்றால் "ஆபத்தான கட்டிடம்" என்று அவர்களே மனுப் போடுவார்கள். பலகை அடித்து ஆளை விரட்டிய பின், அந்த ஆபத்து எங்கோ பறந்துவிடும்!

இன்னொரு பக்கம், உடைமையாளரே கையைப் பிசைவதும் உண்டு. திருவரங்கத்து அடிமனைச் சிக்கல் உங்களுக்குத் தெரியும். வீடு ஒருவருடையது, மனை கோயிலுடையது என்ற வழக்கு. பத்திரப் பதிவு தடைப்பட்டால் விற்க முடியாது. விற்க முடியாத வீட்டின்மேல் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காவிட்டால் பழுது பார்க்க வழியில்லை. வழக்கு வாய்தாவுக்குக் காத்திருக்கும். மக்கிய உத்திரம் காத்திருக்குமா? நீதிமன்றம் யாருக்கு உரிமை என்று சொல்லட்டும். அதுவரை முட்டு யார் வைப்பது என்று மாநகராட்சி சொல்ல வேண்டும்.

பம்பாயைப் பாருங்கள். அங்கும் கட்டிடங்கள் விழுகின்றன, அழுகிறார்கள். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் மழைக்கு முன்பே பழங்கட்டிடங்களைப் பார்த்து, மிக ஆபத்தானவை இவை என்று பட்டியல் வெளியிடுகிறார்கள். இடிக்க வேண்டியது எது, காலி செய்து பெரும் பழுது பார்க்க வேண்டியது எது, ஆள் இருக்கும்போதே சரி செய்யக் கூடியது எது, சிறு பழுது எது என்று வகை பிரித்து எண் கொடுக்கிறார்கள். இங்கிலாந்திலே 1982-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஆளில்லாத கட்டிடம் திறந்து கிடந்தால், உடைமையாளருக்கு 48 மணி நேர அறிவிப்புக் கொடுத்துவிட்டு, நகரமன்றமே பலகை அடிக்கலாம்; செலவை அவரிடமே வசூலிக்கலாம். இடர் உடனடியானது என்றால் அந்த 48 மணி நேரமும் வேண்டாம்.

நமக்கு ஐப்பசி அடைமழை ஆண்டு தவறாமல் வருகிறது. முன்கூட்டியே நாள் சொல்லிவிட்டு வரும் விருந்தாளி அது. அதற்கு முன் வீட்டைச் சரி செய்ய நமக்கு என்ன தடை?

நாம் கேட்பது நான்கு.

ஒன்று: ஆண்டுதோறும் ஆவணி முடிவதற்குள், வார்டு வாரியாக, ஆபத்தான கட்டிடங்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, வார்டு அலுவலகச் சுவரிலே ஒட்ட வேண்டும். தனியார் கட்டிடம் மட்டுமல்ல; பள்ளி, பணிமனை, அலுவலகம், கோயில், குடியிருப்பு எல்லாம் அதிலே வர வேண்டும். அரசுக் கட்டிடம் என்பதால் கூரை இரக்கம் காட்டுவதில்லை.

இரண்டு: எந்த முட்டாக இருந்தாலும், எந்தப் பலகையாக இருந்தாலும், அதன் மேலே மூன்று செய்திகள் எழுதப்பட வேண்டும். அடித்த நாள், பொறுப்பான அலுவலரின் பதவி, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதும் அதற்குரிய கடைசி நாளும். முட்டுக்கு வயது உண்டு. சவுக்குக் கம்பு மழையிலே நனைந்து வெயிலிலே காய்ந்தால் ஆப்பு தளரும், கரையான் ஏறும். மாதம் ஒரு முறை ஒருவர் வந்து தட்டிப் பார்த்து, இறுக்கி, கையெழுத்துப் போட வேண்டும். நாள் எழுதாத பலகை வெறும் விறகு.

மூன்று: காலி செய் என்று எழுதும் கையே, எங்கே போவது என்பதையும் எழுத வேண்டும். மாற்றிடம் இல்லாத அறிவிப்பு, மனிதனை இடிபாட்டிலிருந்து எடுத்து நடைபாதையிலே வைப்பதாகும். பழுது பார்த்து முடிந்ததும் குடியிருந்தவனே திரும்பி வரும் உரிமையும் அதிலே எழுதப்பட வேண்டும். அப்போது பாருங்கள், விரிசலைத் தொழிலாளியே ஓடி வந்து காட்டுவான்.

நான்கு: உடைமையாளர் இல்லை, வழக்கு இருக்கிறது, வாரிசுச் சண்டை என்ற எந்தக் காரணமும் முட்டுக்குத் தடையாகக் கூடாது. மாநகராட்சி வைக்கட்டும், செலவைச் சொத்தின் மீது எழுதட்டும். யார் வெல்கிறாரோ அவர் கட்டட்டும்.

"பணம் எங்கே?" என்பார்கள். சவுக்குக் கம்பும் பலகையும் ஆப்பும் நான்கு ஆள் கூலியும் என்ன விலை? விழுந்த பின் கொடுக்கும் இழப்பீட்டிலே எத்தனை தெருவுக்கு முட்டு வைக்கலாம்! பிணத்துக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, பலகைக்குக் கொடுக்க இல்லை என்றால், அது வறுமையல்ல, வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றத்தான் கழகம்.

கோரிக்கை வைத்துவிட்டு நாம் கைகட்டி நிற்கப் போகிறோமா? கிளைக் கழகத் தோழர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. சுவரொட்டி ஒட்டச் சுவர் தேடிப் போகிறீர்கள் அல்லவா? அந்தச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். விரிசல் இருக்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா, அரசங்கன்று முளைத்திருக்கிறதா? இருந்தால் சுவரொட்டியை ஒட்டாதீர்கள். விரிசலை மறைக்கும் சுவரொட்டி நம் தலைவர் படம் போட்டதாயினும் அது குற்றம். நோட்டிலே குறித்துக்கொள்ளுங்கள்: தெரு, கதவு எண், காலியா, ஆள் இருக்கிறார்களா, பக்கத்திலே பள்ளி உண்டா. உங்கள் கிளையிலே கொத்தனார் இருப்பார், ஆசாரி இருப்பார். பொறியாளர் வரும்வரை, அவர்கள் கண்ணே நம் கருவி. ஆனால் நீங்களே உள்ளே புகுந்து முட்டு வைக்காதீர்கள். வீரம் வேறு, விவேகம் வேறு. பட்டியலை மனுவாக எழுதி மாநகராட்சியிலே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடி போங்கள். அதற்கும் பதினைந்து நாள் கழித்து மறுபடி போங்கள்.

நானூறு ஆண்டுக்கு மேல் முடிக்காமல் கிடந்த இராச கோபுரத்தை 1987-இல் 236 அடிக்கு முடித்துக் காட்டிய ஊர் திருவரங்கம். மேலே ஏற்றத் தெரிந்த ஊருக்குக் கீழே தாங்கத் தெரியாதா?

சாதிக்கு முட்டுக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். மூடநம்பிக்கைக்கு முட்டுக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். அவை தாமே விழ வேண்டியவை. அந்த முட்டைத் தட்டிவிடுவது நம் கொள்கை. ஏழை படுத்துறங்கும் கூரை விழக் கூடாதது. அதற்கு முட்டு வைப்பதும், வைத்த முட்டோடு நில்லாமல் கூரையைச் சரி செய்து கொடுப்பதும் நம் கடமை.

அடுத்த ஐப்பசி வரும். வழக்கம் போல் மழை வரும். நோட்டை எடுங்கள் தோழர்களே. உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள்!